வெட்கம் யார் பக்கம்?

சென்னையில் நடந்து திரிகிறவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" சாலையைக் கடப்பவரின் காலருகே வண்டியைக் கிறீச்சென்று நிறுத்தியவர் கேட்பது அது. கேள்வியில் கோபம் இருக்கும், கொஞ்சம் கிண்டலும் இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்கப்பட்டவர் தலையைக் குனிந்தபடி நடையைக் கட்டுவார். அவர் நின்றது ஜீப்ரா கிராசிங்கின் மேல்தான் என்பதும், வண்டிதான் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது என்பதும் அந்த நொடியில் எவருக்கும் உறைப்பதில்லை.

சாலைப் பாதுகாப்பு பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் ஹெல்மெட், சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டுதல் என்று வண்டியில் இருப்பவர்களைச் சுற்றியே நடக்கிறது. நடந்து செல்பவர் பக்கம் திரும்பும்போது அது வெறும் அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது: பார்த்துப் போ, போனில் பேசாதே, நடைமேம்பாலத்தில் ஏறிக் கட. ஆபத்தை உண்டாக்குபவர் ஒருவர், அதற்காகக் கூச வேண்டியவர் இன்னொருவர். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, அதைத் தலைகீழாக்கிக் காட்டிய ஊர்கள் எவை, நம் சட்டத்தில் இடம் இருந்தும் நம் தெருக்களில் ஏன் அது மாறவில்லை என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

எண்ணிக்கையும் எண்ணப்படாதவர்களும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஒரு நாளைக்கு 90 பேர். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் மட்டும் நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2016-இல் இதே அமைச்சகம் தந்த பாதசாரிகளின் சாவுக் கணக்கு 15,746. ஆறே ஆண்டுகளில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது எப்படி? சாவுகள் கூடியிருக்கலாம். ஆனால் முன்பு எண்ணிய விதத்திலும் கோளாறு இருந்தது. ஐஐடி டெல்லியில் தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோர் காவல்நிலையப் பதிவுகளை நேரடியாக ஆராய்ந்து, அரசு அறிக்கைகள் நடந்து சென்றவர்களின் சாவைப் பெரிதும் குறைத்துக் காட்டுவதாகவும், உண்மையான பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்றை ஒட்டி இருக்கக்கூடும் என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தனர். பின்னர் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய விபத்துத் தரவுச் செயலி நாடு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது. விபத்து நடந்த இடத்திலேயே போலீஸார் விவரங்களைப் பதியத் தொடங்கினர். கணக்கு உண்மையை நோக்கி நகர்கிறது என்று கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் செத்தும் கணக்கில் வராதவர்களுக்காக எந்தச் சாலையும் திருத்தப்படவில்லை.

யார் இவர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம் அல்லாத வேலைகளுக்குச் செல்லும் இந்தியர்களில் 22.6 விழுக்காட்டினர் நடந்தே போனார்கள். கார்களில் போனவர்கள் 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சென்னையில் 2008-இல் செய்யப்பட்ட போக்குவரத்து ஆய்விலும், நகரின் பயணங்களில் கால்வாசிக்கு மேல் கால்நடையாகவே நடந்தன. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களும் இறங்கியவுடன் நடப்பவர்கள்தாம். அப்படியிருந்தும் சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது நடைபாதைதான். பெரும்பான்மையினரின் பயண முறை, திட்டங்களில் மிச்சம் மீதியாக நிற்கிறது.

தெரு கைமாறிய கதை

மோட்டார் வண்டி வருவதற்கு முன் தெரு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. வண்டிமாடும் கூடைக்காரியும் விளையாடும் பிள்ளைகளும் ஊர்வலங்களும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1896 ஆகஸ்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அருகே பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்ற பெண்மணி மோட்டார் கார் மோதி இறந்தபோது, இப்படியொன்று இனி ஒருபோதும் நடக்கக்கூடாது என்ற பொருள்படச் சொன்னார், சாவை விசாரித்த அதிகாரி. பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

அமெரிக்க நகரங்களில் 1920களில் இந்தச் சாவுகள் ஊரையே கொதிக்க வைத்தன. இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். அன்றைய பத்திரிகைகள் ஓட்டுநரைக் கொலைகாரராகவே சித்திரித்தன. 1923-இல் சின்சினாட்டி நகரில் 42,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஒரு கோரிக்கையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர்: நகருக்குள் ஓடும் எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்கு, அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி எஞ்சினிலேயே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும். கார் விற்பனையாளர்கள் திரண்டெழுந்து பிரசாரம் செய்து அதைத் தோற்கடித்தனர்.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் பீட்டர் நார்ட்டன் இந்தக் காலகட்டத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சின்சினாட்டி கார்த் தொழிலுக்கு ஓர் எச்சரிக்கை மணியாக ஒலித்தது என்பது அவர் காட்டும் சித்திரம். அதன்பின் மோட்டார் சங்கங்கள் வேறு வழியைக் கைக்கொண்டன. கண்ட இடத்தில் தெருவைக் கடப்பவர் நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டார் என்ற கேலியைப் பரப்பின. சாரணச் சிறுவர்களைத் தெருமுனையில் நிறுத்தி, அப்படிக் கடப்பவர்களின் கையில் கண்டிப்புச் சீட்டுகளைக் கொடுக்கச் செய்தன. பள்ளிகளில் பாதுகாப்புப் பாடம் புகுந்தது. தெரு விளையாடும் இடமல்ல என்று குழந்தைகள் கற்றார்கள். 1925-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பாதசாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பிற நகரங்கள் அதைப் பின்பற்றின.

சட்டத்துக்கு முன்னே சென்றது கேலி என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அபராதத்தைவிட, நாலு பேர் பார்க்கத் தலைகுனிவதற்கே மனிதர்கள் அதிகம் அஞ்சுவார்கள் என்பதைக் கார்த் தொழில் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெட்கம் ஓட்டுநரிடமிருந்து நடப்பவரிடம் கைமாறியது. நாம் சுதந்திரத்துக்குப் பின் சாலை அமைக்கத் தொடங்கியபோது, உலகெங்கும் சாலைப் பொறியியலின் பாடம் இந்த முடிவை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டிருந்தது. வண்டி தடையின்றி ஓடுவது நோக்கம்; கடக்கும் மனிதர் அதில் ஒரு தடங்கல்.

ஒரு நொடியில் என்ன நடக்கிறது

நடப்பவர் கவனமாக இருந்தால் போதும் என்ற வாதத்தை எளிய கணக்கொன்றை வைத்துச் சோதிக்கலாம். ஆறு வழிச் சாலையின் அகலம், வழிக்கு மூன்றரை மீட்டர் வீதம், 21 மீட்டர். சிக்னல் நேரத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடைவேகம் நொடிக்கு 1.2 மீட்டர். அந்த வேகத்தில் சாலையைக் கடக்க 17 நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் 240 மீட்டர் வந்துவிடும். ஆக, சிக்னல் இல்லாத இடத்தில் பத்திரமாகக் கடக்க, இரு திசையிலும் சுமார் கால் கிலோமீட்டருக்கு வண்டியே இருக்கக்கூடாது. மூட்டு வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு இந்த இடைவெளி 360 மீட்டருக்கும் மேல். அண்ணாசாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ பகலில் அப்படியோர் இடைவெளி கிடைக்காது. அதனால் மக்கள் ஒவ்வொரு வழியாகக் கடந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்று, அடுத்த இடைவெளியைப் பிடிக்கிறார்கள். ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் இந்த முறையைத் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்கீனமாகத் தெரிவது, சாலை வேறு வழி தராதபோது செய்துகொள்ளும் ஏற்பாடு.

ஓட்டுநர் பக்கக் கணக்கு இன்னும் கடுமையானது. ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த நொடியில் எட்டு மீட்டர் ஓடி, பிரேக் பிடித்தபின் இன்னும் ஐந்து மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது. முழு வேகத்தில் மோதும். வேகம் 30-லிருந்து 50-ஆகும்போது மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடப்பவரும் வண்டியும் கலந்து புழங்கும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020 ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் அறிவித்ததன் அடிப்படை இதுதான்.

மோசமான ஓட்டுநர் என்றால் வெறிபிடித்து ஓட்டுபவர் என்றே நினைக்கிறோம். இந்தக் கணக்கின்படி, கடைத்தெருவில் 50-இல் நிதானமாகப் போகிறவரும் ஆபத்தானவரே. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்த வேகத்தை இயல்பென்று அவருக்குச் சொல்வது அந்தச் சாலையின் அகலமும் நேரான தன்மையும்.

பொகோட்டாவின் பேசாத காவலர்கள்

1995-இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்கு மேயராக வந்தவர் அந்தானாஸ் மோக்குஸ். கணிதமும் தத்துவமும் படித்தவர், தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அப்போது அந்நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 பேர் சாலையில் இறந்துகொண்டிருந்தனர். போக்குவரத்துப் போலீஸார் லஞ்சத்துக்குப் பேர்போனவர்கள்.

மனிதர் நடத்தையை மூன்று கட்டுப்படுத்துகின்றன என்பது மோக்குஸின் அடிப்படைக் கருத்து: சட்டம், மனச்சாட்சி, பண்பாடு. சட்டத்தை மீறினால் தண்டனை. மனச்சாட்சியை மீறினால் குற்ற உணர்வு. பண்பாட்டை மீறினால் ஊர் பார்க்க வெட்கம். இந்த மூன்றும் ஒன்றையொன்று விட்டு விலகிப்போன சமூகத்தில், சட்டம் தடுப்பதைப் பண்பாடு பாராட்டிக்கொண்டிருக்கும். சிக்னலைத் தாண்டுபவன் சாமர்த்தியசாலி, நின்று போகிறவன் ஏமாளி என்ற நிலை. அபராதத்தை லஞ்சம் கொடுத்துத் தவிர்க்கலாம். கேலியை அப்படித் தவிர்க்க முடியாது.

அதனால் அவர் தெருமுனைகளில் மௌன நடிகர்களை இறக்கினார். வெள்ளை பூசிய முகத்தோடு முதலில் இருபது பேர். பிறகு நானூற்றுக்கும் மேல். ஜீப்ரா கோட்டின் மேல் காரை நிறுத்தியவர் முன் வந்து நின்று, அந்தக் காரைக் கையால் பின்னுக்குத் தள்ளுவதுபோல் பாவனை செய்வார்கள். விளக்கு மாறும் முன் ஓடுபவரின் நடையை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். அவர்களிடம் அபராதச் சீட்டும் இல்லை, ஆயுதமும் இல்லை. வாய் திறப்பதும் இல்லை. தெருவே கூடிச் சிரித்தது. இதோடு 3,50,000 அட்டைகள் மக்களுக்கு வழங்கப்பட்டன: ஒரு பக்கம் மேல்நோக்கிய கட்டைவிரல், மறுபக்கம் கீழ்நோக்கியது. நன்றாக ஓட்டுபவரைப் பாராட்டவும், மோசமாக ஓட்டுபவரைக் கண்டிக்கவும் அந்த அட்டைகள். நடந்து சென்றவர்கள் இறந்த இடங்களில் சாலையிலேயே 1,500 நட்சத்திரங்கள் வரையப்பட்டன. எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சாரணச் சிறுவர்கள் பாதசாரிகளுக்கு நீட்டிய சீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் பயணித்தன இந்த அட்டைகள்.

பொகோட்டாவின் சாலைச் சாவு அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 600 ஆகக் குறைந்தது. இதைப் பெரும்பாலும் மௌன நடிகர்களின் சாதனையாகச் சொல்லிவிடுகிறார்கள். கதை அவ்வளவு எளிதல்ல. மோக்குஸ் ஊழல் மலிந்த போக்குவரத்துப் போலீஸ் பிரிவையே கலைத்து, அந்தப் பொறுப்பை வேறு போலீஸாரிடம் ஒப்படைத்தார். மதுக்கூடங்களை இரவு ஒரு மணிக்கு மூடச் செய்தார். அவருக்குப் பின் 1998-இல் மேயரான என்ரிக் பென்யலோசா, நடைபாதைகளில் கார் நிறுத்துவதைத் தடுக்கக் குறுந்தூண்களை நட்டார்; கோபமுற்ற கார்க்காரர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கவே கையெழுத்து வாங்கினார்கள். 2000-இல் தனிவழிப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மௌன நடிகர்கள் செய்தது முதல் வேலை: எது வெட்கத்துக்குரியது என்பதை ஊருக்குச் சொன்னார்கள். அதனால் பின்னால் வந்த தூண்களுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் மக்களின் சம்மதம் கிடைத்தது.

ஆபத்தான ஓட்டுநரைத் தெருவில் நேருக்கு நேர் எதிர்கொள்வது பற்றிப் பொகோட்டா சொல்லும் பாடம் நுட்பமானது. நடந்து செல்லும் தனியாள் ஓட்டுநரைத் திட்டினால் அது இருவர் சண்டையாகிவிடுகிறது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்துத் தகராறு சீக்கிரம் முடிய வேண்டும் என்றே விரும்புகின்றன. அந்த அழுத்தம் முழுவதும் நடப்பவர் மேல் விழுகிறது. அவர் பெண்ணாகவோ, முதியவராகவோ, அழுக்குச் சட்டை அணிந்தவராகவோ இருந்தால் இன்னும் கூடுதலாக விழுகிறது. மௌன நடிகர் எவரோடும் சண்டையிடவில்லை. அவருக்கு அடையாளம் இல்லை, பழிவாங்க ஆள் இல்லை. நகராட்சி அவர் பின்னால் இருந்தது. தெரு முழுவதும் அவருக்குச் சாட்சியாக நின்றது. பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2001 முதல் இளைஞர்கள் வரிக்குதிரை வேடமிட்டு மக்களைச் சாலை கடக்க வைக்கும் திட்டமும் இதே தந்திரத்தில் பிறந்ததுதான்.

டச்சுப் பெற்றோர் கேட்டது

நெதர்லாந்து இன்று சைக்கிளுக்கும் நடைக்கும் பெயர்பெற்ற நாடு. 1971-இல் அது அப்படி இருக்கவில்லை. அந்த ஆண்டு சாலையில் இறந்த சுமார் 3,300 பேரில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். இறந்தவர்களில் ஒரு சிறுமியின் தந்தை விக் லாங்கன்ஹாஃப் பத்திரிகையாளர். அவர் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற பொருளுடையது. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. விபத்து என்று சொல்லி நகர்ந்துவிட முடியாதபடி, கொலை என்ற கடுஞ்சொல்லைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள்.

தாய்மார்கள் சைக்கிள் ஊர்வலம் போனார்கள், தெருக்களை மறித்தார்கள், அரசியல்வாதிகளிடம் போய்ப் பேசினார்கள். ஆம்ஸ்டர்டாமின் நெருக்கடியான ஒரு பகுதியில் பள்ளிப் பிள்ளைகளே தங்கள் தெருவை மூடி விளையாட்டுக்குத் திறந்துவிட்டனர். இவர்கள் தனிப்பட்ட ஓட்டுநர்களோடு மோதவில்லை. தெருவை வரைந்தவர்களிடம் போய் நின்றார்கள். டெல்ஃப்ட் நகரில் முளைத்த குடியிருப்புத் தெரு வடிவம் 1976-இல் சட்ட அங்கீகாரம் பெற்றது. அங்கே தெரு முழுவதும் நடப்பவருக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் உரியது. கார் நடைவேகத்தில் விருந்தாளியாக வந்து போகலாம். வளைவு, மரம், மேடு என்று தெருவின் வடிவமே காரை மெதுவாக்கியது. நிறுத்தப் போலீஸ்காரர் தேவைப்படவில்லை.

சட்டமும் பின்தொடர்ந்தது. நெதர்லாந்தில் மோட்டார் வண்டி சைக்கிள்காரர் மீதோ பாதசாரி மீதோ மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு முதலில் வண்டிக்காரர் தலையில் ஏறும். அடிபட்டது பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால், குழந்தையின் கவனக்குறைவைக் காரணம் காட்டித் தப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். அதிக ஆபத்தைச் சாலைக்குள் கொண்டுவருபவர் அதிகப் பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்பதே இதன் நியாயம். 2023-இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 684 பேர். 1971-ஐவிட மக்கள்தொகையும் வண்டிகளும் வெகுவாகக் கூடிய பிறகும் சாவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது.

நம் சட்டத்தில் இல்லாததா?

இந்தியச் சட்டம் நடப்பவரைக் கைவிட்டுவிடவில்லை. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்கின்றன. நடைபாதையில் வண்டி ஓட்டக்கூடாது என்பதும் விதிதான். மீறினால்? மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். சிக்னலை மீறுவதும், கையில் போன் பிடித்து ஓட்டுவதும், எதிர்த்திசையில் ஓட்டுவதும் 2019 திருத்தத்துக்குப் பின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஜீப்ரா கிராசிங்கில் நிற்காமல் போனதற்காக அபராதம் கட்டிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஹெல்மெட் இல்லாததற்குக் கட்டியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். ஹெல்மெட் இல்லாமையைக் கண்டுபிடிப்பது எளிது. வழிவிடாமையைக் கண்டுபிடிக்க, நடப்பவருக்கு முன்னுரிமை உண்டு என்று நம்பும் கண்கள் வேண்டும். சட்டம் ஒன்று சொல்ல, பண்பாடு வேறொன்று சொல்லும் என்று மோக்குஸ் கண்ட நிலைமை இங்கே அப்படியே பொருந்துகிறது.

சட்டத்தில் இன்னும் கவனிக்கப்படாத இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, 138-ஆம் பிரிவின் 1ஏ உட்பிரிவு: நடப்பவர்களும் மோட்டார் இல்லாத வண்டிகளும் பொது இடங்களில் புழங்குவதை ஒழுங்குபடுத்த மாநில அரசுகளே விதிகள் வகுக்கலாம். மற்றொன்று 198ஏ பிரிவு: சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ நிர்ணயித்த தரத்தைப் பின்பற்றாமல் விட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறிது. ஆனால் சாலையை வரைந்தவரும் பொறுப்பாளி என்று சட்டம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது பெரிது.

இந்த வாசல்களைத் தட்டியவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். உடைந்த எலும்புகளைப் பொருத்தும் தொழிலில் இருந்தவர், அவை உடையும் இடத்தைக் கேள்வி கேட்க 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கிலிருந்துதான் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2014-இல் பிறந்தது. 2025 மே மாதம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று இதே வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், 50 நகரங்களின் நடைபாதைகளையும் கடக்கும் இடங்களையும் தணிக்கை செய்யவும், 138(1ஏ) பிரிவின்கீழ் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்கவும் உத்தரவிட்டது.

கொள்கை இருந்தும் தடுக்கி விழும் ஊர்

சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. இந்திய நகரங்களில் இதற்கு முன்னோடி அது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்பது அதன் இலக்கு. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, கடைக்காரர்கள் அஞ்சியதற்கு மாறாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து உலாவினார்கள். நல்ல நடைபாதை போட நம்மால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

பாண்டி பஜாரைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நாம் காண்பதோ முழங்கால் உயரத்துக்கு ஏற்றிய பிளாட்பாரம், அதன் நடுவே மின்பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்திய டூவீலர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் மக்கள் சாலையோரத்திலேயே நடக்கிறார்கள். அதைக் காட்டி, பிளாட்பாரம் போட்டாலும் நம் ஜனங்கள் அதில் நடக்க மாட்டார்கள் என்கிறார்கள். தெருவோர வியாபாரிகள் மேல் பழியைப் போடுவதும் வழக்கம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்கி, மிச்ச அகலத்தை நடக்க விடுவது திட்டமிடுபவரின் வேலை. இரவில் கடைவிளக்கு எரியும் தெருவில்தான் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

சந்திப்புகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. இடப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்கு எப்போதும் வழிவிடும் ஃப்ரீ லெஃப்ட் இருக்கும் இடங்களில், நடப்பவருக்குப் பச்சை விளக்கு எரியும்போதும் ஒரு பக்கத்திலிருந்து வண்டி வந்துகொண்டே இருக்கும். நடப்பவரின் விளக்குக்காக முப்பது நொடிக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் மக்கள் பொறுமை இழப்பார்கள் என்பது போக்குவரத்துப் பொறியியலில் பழகிய உண்மை. இரண்டு நிமிடம் காக்க வைத்துவிட்டு, பத்து நொடியில் கடக்கச் சொன்னால் அந்த சிக்னலை எவரும் மதிக்க மாட்டார்கள். இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவது நடைமேம்பாலம். ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் தி.நகர் ஆகாய நடைபாதை போன்றவை வேறு கணக்கு. அங்கே பயணி எப்படியும் உயரத்திலிருந்து வருகிறார். நேர்ச்சாலையைக் கடப்பதற்காக ஒருவரை இரண்டு மாடி ஏறி இறங்கச் செய்வது, வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் அரை நிமிடத்தைக் காக்க, கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வருபவரின் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்வதாகும். அதனால்தான் பாலத்துக்குக் கீழேயே மீடியனைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

எதிர்கொள்வது என்றால்

அப்படியானால் தனிமனிதர் என்ன செய்வது? 2020-இல் புனேயில் ஒரு முதிய பெண்மணி, நடைபாதையில் ஏறி வந்த ஸ்கூட்டர்களை வழிமறித்து நின்ற காணொளி நாடெங்கும் பரவியது. மெக்சிகோ நகரில் மல்யுத்த வீரரைப்போல முகமூடி அணிந்த ஒருவர், கடக்கும் கோட்டின் மேல் நிறுத்திய கார்களின் மீதேறி நடந்து பெயர்பெற்றார். இவர்களின் துணிச்சல் பாராட்டுக்குரியது. எல்லாரும் செய்யத்தக்கதா என்றால், இல்லை. ஒரு டன் எடையுள்ள இயந்திரத்தின் முன் உடலை நிறுத்தி வாதாடுவது சமமான வாதம் ஆகாது. ஓட்டுநரின் ஆத்திரம் எங்கே போய் முடியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆனால் பயன் தரும் சில வழிகள் கையருகே இருக்கின்றன. தனியாகக் கடக்காமல் நாலு பேர் சேர்ந்து, கையைத் தெளிவாக நீட்டி, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துக் கடப்பது. வண்டி நின்றால் தலையசைத்து நன்றி சொல்வது. இது பணிவு காட்டுவது ஆகாது. நின்றது சரியான செயல் என்று தெருவுக்குச் சொல்வது. மோக்குஸின் அட்டையிலும் ஒரு பக்கம் பாராட்டுக்குத்தானே இருந்தது. மோசமாக ஓட்டியவரோடு வாய்ச்சண்டை போடுவதைவிட வண்டி எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துப் போலீஸாரிடம் புகாராக்குவது நல்லது. அடிபட்டவரைக் கண்டால் தயங்காமல் தூக்கிச் செல்லலாம். உதவுபவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டம் ஏற்கிறது.

இவையெல்லாம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. தெருவை மாற்ற வேண்டுமென்றால் டச்சுப் பெற்றோர் போன இடத்துக்கே போக வேண்டும். 2022 விதிகளின்படி தமிழ்நாட்டின் நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டுள்ளன. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சந்திப்பில் மூன்றாண்டுகளில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்தத் தாளோடு சபைக்குப் போய்க் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல: பள்ளி, கோயில், சந்தை, மருத்துவமனை உள்ள தெருக்களில் 30 கிலோமீட்டர், வேகத்தடையும் கடக்கும் இடமும் ஒன்றேயான மேடைக் கிராசிங், அகலச் சாலையின் நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, ஃப்ரீ லெஃப்ட் நீக்கம், சிக்னலில் இருக்கும் கேமராவை ஜீப்ரா கோட்டின் பக்கமும் திருப்புதல். பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பு வைத்திருக்கும் ஹெல்சிங்கி நகரில், 2024 ஜூலை தொடங்கி ஓராண்டு முழுவதும் ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. பனி உறையும் ஊரில் முடிந்த இது, நம் ஊரில் முடியாது என்பதற்கு இயற்கைக் காரணம் எதுவும் இல்லை.

ஒரே இடத்தில் மூன்றாவது ஆள் அடிபட்டு இறக்கும்போது, அதை அந்த மூவரின் கவனக்குறைவாக மட்டும் எழுதிவிட முடியாது. அந்த இடத்தை வரைந்தவர், கட்டியவர், முதல் சாவுக்குப் பிறகும் திருத்தாமல் விட்டவர் என்று பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள். 198ஏ பிரிவு அவர்களைச் சுட்டுகிறது. ஓட்டுநரை முறைத்துப் பார்க்க நடப்பவருக்கு ஒரு நொடிகூட முழுதாகக் கிடைப்பதில்லை. சாலைக்குப் பொறுப்பானவரை எதிரில் உட்கார வைத்துக் கணக்குக் கேட்கச் சட்டம் ஆண்டு முழுவதும் அவகாசம் தந்திருக்கிறது. பொகோட்டாவில் வெட்கம் தெருமுனையில் தொடங்கி நகர மன்றம் வரை போனது. இங்கே அது பகுதி சபையின் வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம்.